கூடத்திலே ஒரு போர்க்களம்

நவராத்திரி முடிந்து, பொம்மைகளைப் பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் நாள் எங்கள் வீட்டில் எப்போதுமே சற்றுத் துக்ககரமான நாள். சென்ற வருஷம் அந்தத் துக்கத்துக்கு ஒரு பரிகாரம் கிடைத்தது. கொலுவுக்கு முன்னால் ஒரு பெரிய மேஜையில் குழந்தைகள் மணலைப் பரப்பி, கேழ்வரகை முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி ஒரு பூங்கா அமைத்திருந்தார்கள். பொம்மைகள் பெட்டிக்குள் போன பிறகும் அந்தப் பூங்கா மட்டும் கலையாமல் இருந்தது. அடுத்த தெருவிலிருக்கும் என் தமக்கையின் மகன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். பதினான்கு வயதுப் பையன். கடைசியில், "மாமா, இதன்மேல் ஒரு யுத்தம் வைத்தால் என்ன?" என்று கேட்டுவிட்டான்.

நான் சரித்திர உபாத்தியாயன். வெகு காலமாக யுத்தங்களைக் கரும்பலகையில் நடத்தி வருகிறவன். கரும்பலகை யுத்தம் மிகவும் சுலபமானது. வருஷம், இடம், வென்றவர், தோற்றவர். காரணங்கள் ஐந்து, விளைவுகள் நான்கு. மணி அடித்தால் யுத்தம் முடிந்துவிடும். மேஜை யுத்தமும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணி, "ஆஹா, செய்வோமே!" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அது எவ்வளவு பெரிய வாக்கு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

பழைய விளையாட்டுத்தான்

பலகைமேல் சேனைகளை மோதவிடுவது நமக்குப் புதிதன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நான்கு அங்கங்களையும் கட்டத்துக்குள் நிறுத்திச் சதுரங்கம் என்று பெயரிட்டது இந்த நாடு. ஆனால் சதுரங்கத்தில் மேடு பள்ளம் இல்லை, மழை இல்லை, அரிசித் தட்டுப்பாடு இல்லை. எதிரியின் காய் எங்கே நிற்கிறது என்பது எப்போதும் கண்முன்னே தெரிகிறது.

இந்தக் குறைகளைத் தீர்க்க முற்பட்டவர்கள் ஜெர்மானியர்கள். பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் பிரபு 1812-ஆம் ஆண்டில் தம் அரசருக்காக ஒரு யுத்த மேஜை செய்தார். பீரங்கிப்படை உத்தியோகஸ்தரான அவருடைய புதல்வர் அதைத் திருத்தி, 1824-இல் விதிகளோடு வெளியிட்டார். நிலத்தை 8,000-இல் ஒரு பங்காகச் சுருக்கிய படம். சிவப்பு, நீலம் என்று இரு கட்சிகள். சண்டையின் பலனைத் தீர்மானிக்கப் பகடை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மத்தியஸ்தர். பிரஷ்யச் சேனாதிபதிகள் இதை விளையாட்டாகக் கருதாமல், உத்தியோகஸ்தர்களுக்குப் பாடமாகவே வைத்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் சைபோர்ன் என்னும் ராணுவ உத்தியோகஸ்தர் வாட்டர்லூ யுத்தத்தை 70,000-க்கு மேற்பட்ட சின்னஞ்சிறு பொம்மைகளால் அமைத்து, 1838-இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். அந்த யுத்தத்தில் ஆங்கிலேயருக்குத் துணையாக வந்த பிரஷ்யர்களுக்கு எத்தனை பொம்மை வைப்பது என்பதில் பெரிய சங்கடம் உண்டாயிற்று. அதிகமாக வைத்தால், வெற்றியில் பிரஷ்யர் பங்கும் அதிகமென்று ஆகிவிடுமல்லவா? வெலிங்டன் பிரபுவின் தரப்பினர் முகம் சுளித்தார்கள். பின்னால் சைபோர்ன் பல பிரஷ்யப் பொம்மைகளை எடுத்துவிட்டார். பொம்மை வைப்பதிலும் ராஜீயம் உண்டு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எச். ஜி. வெல்ஸ் என்னும் நாவலாசிரியரும் 1913-இல் பொம்மைச் சிப்பாய் யுத்தத்துக்கு ஒரு விதிப் புத்தகம் எழுதினார். நிஜ யுத்தத்தைவிட இது எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி. அவர் பேச்சை உலகம் கேட்கவில்லை. அடுத்த வருஷமே ஐரோப்பாவில் மகாயுத்தம் மூண்டது.

எந்த யுத்தம்?

"பானிப்பட்டு!" என்றான் பையன். "வாட்டர்லூ!" என்றான் மறுநாள். நான் புள்ளலூரைத் தேர்ந்தேன்.

புள்ளலூர் காஞ்சிபுரத்துக்கு வடக்கே ஏறக்குறைய 10 மைல் தூரத்தில் உள்ள சிற்றூர். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் தன் பகைவரை வென்ற இடம் என்று செப்பேடு சொல்லும் புள்ளலூர் இதுவே. அதே மண்ணில், 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆந் தேதி, கிழக்கிந்தியக் கும்பெனியின் சைன்யம் ஒன்று ஹைதர் அலியிடமும் அவர் புதல்வர் திப்புவிடமும் சிக்கி அடியோடு அழிந்தது. அதுவரை இந்நாட்டில் கும்பெனிக்கு அப்படிப்பட்ட தோல்வி நேர்ந்ததில்லை.

கதை சுருக்கமாக இது. 1780 ஜூலையில் ஹைதர் பெருஞ்சேனையோடு கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார். அவரை எதிர்க்க ஜெனரல் ஹெக்டர் மன்றோ சென்னையிலிருந்து புறப்பட்டு, 5,000 பேருக்கு மேற்பட்ட படையுடன் காஞ்சியில் வந்து தங்கினார். இவர் 1764-இல் பக்சார் யுத்தத்தில் வென்றவர். அவரோடு சேர்ந்துகொள்வதற்காக வடக்கே குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி சுமார் 2,800 பேரோடு வந்துகொண்டிருந்தார். ஆகஸ்டு 25-ஆந் தேதி பெய்லி கொற்றலை ஆற்றின் வடகரையை அடைந்தார். ஆற்றில் அதிகத் தண்ணீர் இல்லை, அப்போதே கடந்திருக்கலாம். காலையில் கடப்போம் என்று கூடாரம் அடித்தார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. செப்டம்பர் முதல் வாரம்வரை அக்கரைக்குப் போக முடியவில்லை.

ஆற்றைக் கடந்து பேரம்பாக்கம் வந்ததும், 6-ஆந் தேதி திப்பு அவரை வழிமறித்தார். பெய்லி அன்று தாக்குப் பிடித்தாரெனினும் மேலே நகர முடியவில்லை. காஞ்சிக்கு இன்னும் 14 மைல். மன்றோ தாம் நகராமல், கர்னல் பிளெச்சரை ஏறக்குறைய 1,000 பேரோடு உதவிக்கு அனுப்பினார். அவர்கள் 9-ஆந் தேதி காலை பெய்லியோடு சேர்ந்தார்கள். அன்றிரவு எல்லோரும் காஞ்சியை நோக்கிப் புறப்பட்டு, நடுவழியில் விடியும்வரை நின்றுவிட்டார்கள். அதே இரவில், மன்றோவுக்குத் தெரியாமல், ஹைதர் தம் முழுச் சேனையையும் புள்ளலூர்ப் பக்கம் திருப்பினார். பொழுது விடிந்தபோது பெய்லி நாற்புறமும் சூழப்பட்டிருந்தார்.

29 அடி தூரத்தில் காஞ்சிபுரம்

இனி எங்கள் வேலை. மேஜையின் நீளம் 6 அடி, அகலம் 4 அடி. ஓர் அங்குலத்துக்கு 50 கஜம் என்று கணக்கு வைத்தோம். அப்போது மேஜையின் நீளம் 2 மைலுக்குச் சற்று அதிகமாகிறது. ஒரு போர்க்களத்துக்குப் போதும். பையன் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து, இதே கணக்கில் காஞ்சிபுரம் எங்கே வரும் என்று பார்த்தான். மேஜையிலிருந்து 29 அடி! கூடத்தைத் தாண்டி, ரேழியைத் தாண்டி, வாசல் திண்ணையில் போய் நின்றது காஞ்சிபுரம். "மன்றோ திண்ணையில் உட்கார்ந்திருந்தாரா, மாமா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பிலிருந்துதான் எங்கள் ஆட்டத்தின் முக்கிய விதி பின்னால் பிறந்தது.

மணலைச் சிறிது நனைத்து ஏரிக்கரைகளும் ஓடைகளும் வகுத்தோம். கேழ்வரகு முளை வயலாகவே இருந்தது. முருங்கை இணுக்குகளைச் செருகித் தோப்பும் சாலை மரங்களும் ஆக்கினோம். அது மழைக்காலமாகையால், வயலுக்குள் இறங்கும் பீரங்கி பாதி வேகந்தான் போகும் என்று விதி செய்தோம். ஒரு முறை ஆடுவது யுத்தத்தில் கால் மணி நேரம். அதற்குள் பீரங்கி மாடுகளோடு செல்லும் காலாட்படை 10 அங்குலம் நகரலாம். குதிரைப்படை 30 அங்குலம். துப்பாக்கி 2 அங்குலத்துக்குள் சுடும். பீரங்கி 16 அங்குலத்துக்குள்.

ஈயச் சிப்பாய்களை வாங்க உபாத்தியாயர் சம்பளம் இடந்தராது. ஆகவே சமையலறையையும் பிள்ளையார் சதுர்த்திப் பெட்டியையும் சோதித்தோம். 50 பேருக்கு ஒரு விதை. கும்பெனிச் சிப்பாய்களுக்குச் சிவப்புச் சட்டை. ஆகையால் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணி. ஐரோப்பியச் சோல்ஜர்களுக்கு முழுதும் சிவப்பான மஞ்சாடி விதை. இரண்டு வரிசையாகத் தோளோடு தோள் நிற்கும் 50 பேருக்குச் சுமார் 17 கஜம் இடம் வேண்டும். எங்கள் அளவில் அது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. குன்றிமணி அதைவிடச் சற்றே சிறிது. இவ்வளவு பொருத்தம் அமைந்ததில் எனக்குப் பரம சந்தோஷம். (குன்றிமணி விஷ விதையாகையால் சிறு குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அவசியம்.)

மைசூர்ச் சேனைக்குப் புளியங்கொட்டை. ஹைதரின் சேனை ஏறக்குறைய 80,000 என்று அக்காலத்தவர் மதிப்பிட்டார்கள். அதாவது 1,600 புளியங்கொட்டை. பையன் பொறுமையாக எண்ணி மேஜையில் கொட்டினான். வயல், ஏரி, சாலை, சிப்பாய் எல்லாம் மறைந்துபோயின. எண்ணிக்கை மட்டும் யுத்தம் ஆகாது என்பதை அப்போது கண்டோம். 80,000 பேர் இருப்பது பெரிதன்று. அவர்களில் எத்தனை பேரை எந்த நாழிகையில் எந்த இடத்துக்குக் கொண்டுவர முடியும் என்பதே பெரிது. ஆகவே திப்புவின் 10,000 பேருக்கு 200 கொட்டைகளை மட்டும் மேஜையில் வைத்து, மற்றவற்றை முறத்தில் போட்டு ஒதுக்கினோம். ஹைதர் கட்டளையிட்டால்தான் முறம் வரும். லாலி என்னும் பிரெஞ்சுக்காரரின் கீழ் ஹைதரிடம் சேவித்த சில நூறு ஐரோப்பியர்களுக்கு வெள்ளைக் கொண்டைக்கடலை வைத்தோம்.

செட்டியார் எந்தப் பக்கம்?

இவ்வளவு ஏற்பாட்டையும் என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. பெட்டியைத் திறந்து, மளிகைக் கடையோடு உட்கார்ந்திருக்கும் கொலுச் செட்டியாரையும் அவர் மனைவியையும் எடுத்துக்கொண்டு போய்த் திண்ணையில் காஞ்சிபுரத்தில் வைத்தாள்.

"இவர் எந்தப் பக்கம்?" என்று அதட்டினான் பையன்.

"ஒரு பக்கமும் இல்லை. அவர் அரிசி விற்கிறார்" என்றாள்.

பையன் செட்டியாரை அப்புறப்படுத்தப் போனான். நான் தடுத்தேன். ஏனெனில், மன்றோவைக் காஞ்சியில் கட்டிப்போட்டது அந்த அரிசிதான். கையில் இருந்த உணவோ மிகக் குறைவு; சேகரித்திருந்த நெல்லையும் பெரிய பீரங்கிகளையும் விட்டுவிட்டுப் புறப்பட்டால் அவற்றை ஹைதர் கொண்டுபோவார். புறப்படாவிட்டால் பெய்லி அழிவார். இந்தத் தர்மசங்கடத்தை எந்தப் பாடப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. செட்டியார் தம் இடத்திலேயே இருந்தார். அவரைச் சுற்றி மூன்று தீப்பெட்டிக் குடிசைகளும் எழுந்தன. ஹைதரின் குதிரைகள் கர்நாடகச் சீமையைத் தீக்கிரையாக்கியதும், ஜனங்கள் சென்னைக் கோட்டையை நோக்கி ஓடியதும் அந்த வருஷத்தில்தான். வெற்றிகளைச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

தெரியாமையை எப்படி வைப்பது?

முதல் ஆட்டம் ஆடினோம். பையன் பெய்லியாக இருந்தான். இரவில் எங்கும் நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓடிக் காஞ்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான்! "பார்த்தீர்களா? பெய்லி முட்டாள்!" என்று கைகொட்டினான்.

"பெய்லிக்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரியும். ஹைதர் வருகிறார் என்று நீ புத்தகத்தில் படித்திருக்கிறாய்" என்றேன்.

மணலையும் விதையையும் வைப்பது சுலபம். தெரியாமையை வைப்பதே கஷ்டம். அதற்குத் திண்ணை உதவியது. மன்றோவாக ஆடுகிறவர் திண்ணையைவிட்டு எழுந்து வரக்கூடாது; மேஜையைப் பார்க்கவும் கூடாது. பெய்லி அவருக்குச் சீட்டு எழுதலாம்; ஆனால் பகடையில் ஒன்றோ இரண்டோ விழுந்தால் அந்தச் சீட்டு ஹைதரின் ஒற்றர் கைக்குப் போகும். பீரங்கி சுட்டால் என் மனைவி ஒரு பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டுவாள். திண்ணைக்குக் கேட்பது அந்தச் சத்தம் மட்டுமே. ஹைதருக்கு ஒற்றர் பலம் அதிகமாகையால், அவர் மட்டும் கூடத்துக்கும் திண்ணைக்கும் தாராளமாக நடமாடலாம்.

இரண்டாவது ஆட்டத்தில் பையன் மன்றோவானான். நான் ஹைதர்; என் மகள் பெய்லி. அவள் எழுதிய மூன்று சீட்டுகளில் ஒன்றே போய்ச் சேர்ந்தது. தாம்பாளம் ஒலித்தது, நின்றது, மறுபடி ஒலித்தது. "யார் சுடுகிறார்கள்? பெய்லி ஜெயிக்கிறாரா?" என்று திண்ணையிலிருந்து கூவினான். யாரும் பதில் சொல்லவில்லை. அரிசியைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். பாதிப் படையோடு புறப்படலாமா, முழுப் படையோடா என்று யோசித்தான். அவன் புறப்பட்டு ரேழியில் பாதி தூரம் வருவதற்குள், பெய்லியின் வெடிமருந்து வண்டிக்காக நாங்கள் உருட்டிய பகடையில் ஆறு விழுந்துவிட்டது.

நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. அதற்குக் காரணம் லாலியின் பீரங்கிக் குண்டு என்பார் சிலர். மைசூரின் இரும்புக் குழாய் வாணம் என்பார் சிலர். அதன்பின் கும்பெனிப் படையிடம் சுடுவதற்கு மருந்தில்லை. பிளெச்சர் மாண்டார். பெய்லி காயத்தோடு சரணடைந்தார். ஏறக்குறைய 200 ஐரோப்பியர் சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனார்கள். வழியில் செய்தி அறிந்த மன்றோ திரும்பி, பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். அங்கிருந்து சென்னைக்குப் போனார்.

பையன் திண்ணையிலிருந்து வந்து மேஜையைப் பார்த்தான். "இத்தனை நாள் மன்றோவைக் கோழை என்று எழுதினேன், மாமா. கோழை இல்லை. அவருக்குத் தெரியவில்லை" என்றான். பரீட்சைத் தாளில் அந்த ஒரு வாக்கியம் வந்திருந்தால் பத்து மார்க்கு கொடுத்திருப்பேன்.

தட்டில் கிடந்தவை

ஆனால் அன்றைய பாடம் அதோடு முடியவில்லை.

ஆட்டத்தில் மாண்ட விதைகளை ஒரு தட்டில் போட்டுவந்தோம். கடைசியில் என் மகள் அவற்றைப் பிரித்து எண்ணத் தொடங்கினாள். பெய்லியும் பிளெச்சரும் சேர்ந்த படை ஏறக்குறைய 3,800 பேர். எங்கள் கணக்கில் 76 விதை. அவர்களில் ஐரோப்பியர் சுமார் 500 பேர்தான். அதாவது 10 மஞ்சாடி. மீதி 66-உம் குன்றிமணி.

"அப்பா, வெள்ளைக்காரர்கள் தோற்றார்கள் என்று சொன்னீர்களே! தட்டு நிறையக் குன்றிமணிதானே இருக்கிறது?" என்றாள்.

கூடத்தில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. 'வெள்ளைக்காரன் பக்கம் நான் ஆடமாட்டேன்' என்று முதல் நாள் வீரம் பேசிய பையனும் பேசவில்லை. என் மனைவி தாம்பாளத்தைக் கீழே வைத்தாள்.

அந்தக் குன்றிமணிகள் யார்? தெலுங்குச் சீமையிலும் தமிழ்ச் சீமையிலும் உழுது பிழைக்க வழியின்றியோ, மாதம் தவறாத சம்பளத்தை நம்பியோ கும்பெனியில் சேர்ந்தவர்கள், இந்துக்கள், முஸ்லிம்கள். அவர்களைத் தூஷிக்க எனக்கு மனம் வரவில்லை. எதிர்ப்பக்கத்துப் புளியங்கொட்டைகளும் அவர்களைப் போன்றவர்களே. ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் 1782-இல் இறந்த பெய்லிக்கு, அவர் உறவினர் 1816-இல் எழுப்பிய நினைவுக் கட்டடம் அங்கே இருக்கிறது. தரியா தௌலத் மாளிகைச் சுவரில், திப்புவின் வெற்றியும் பல்லக்கில் அமர்ந்த பெய்லியும் வர்ணச் சித்திரமாக இருக்கிறார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட அந்தச் சிப்பாய்களில் ஒருவன் பெயரையாவது நான் வகுப்பில் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு!

புள்ளலூரில் அவ்வளவு பெரிய ஜயம் அடைந்தும் கும்பெனி ஏன் இந்நாட்டைவிட்டுப் போகவில்லை? மறு வருஷமே அயர் கூட் புதிய சேனையோடு வந்து, 1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையில் ஹைதரை வென்றார். அவர் சேனையிலும் பெரும் பகுதி நம் நாட்டுச் சிப்பாய்களே. புள்ளலூரில் சிறைப்பட்ட டேவிட் பெயர்ட் என்பவரே 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கினார். அன்று திப்பு மாண்டார். மஞ்சாடி விதைக்குக் கடல் கடந்து போகவேண்டும். குன்றிமணியோ நம் வேலியிலேயே காய்த்துத் தொங்கியது. பறிக்கப் பறிக்கக் கிடைத்தது. 'தோல்விக்குக் காரணங்கள் ஐந்து' என்று நான் கரும்பலகையில் எழுதிவந்த பட்டியலில் இந்தக் காரணம் இல்லை. இப்போது முதலாவதாக எழுதுகிறேன்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் வீடுகளில் கொலு வைக்கும் மேஜையும், சமையலறையில் புளியங்கொட்டையும், துருதுருவென்று ஒரு பையனோ பெண்ணோ நிச்சயம் இருப்பார்கள். அடுத்த விடுமுறையில் ஒரு யுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேடு பள்ளத்தை வையுங்கள். ஒவ்வொருவருக்கும் தெரிந்ததையும் தெரியாததையும் வையுங்கள். அரிசிக் கடைக்காரரை மறந்துவிடாதீர்கள். ஆட்டம் முடிந்ததும், வென்றது யார் என்று கேட்பதற்கு முன்னால், தட்டில் கிடப்பவற்றைக் குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள்.

எங்கள் குன்றிமணிகள் 66-உம் இப்போது பிள்ளையார் சதுர்த்திப் பெட்டியில் இருக்கின்றன. புளியங்கொட்டைகளைத் தனியே பிரித்து வைக்கவேண்டும் என்றான் பையன். "வேண்டாம், சேர்ந்தே இருக்கட்டும்" என்று என் மகள் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு மூடிவிட்டாள்.